ஓட்டுநர் கண்ணெதிரே எரிபொருள் அழுத்தமானி: தேவைதானா, எப்படிப் பொருத்துவது?

வாசகர் கேள்வி, 9 ஏப்ரல் 2023

என்னிடம் 1987ஆம் ஆண்டு பியூக் கிராண்ட் நேஷனல் இருக்கிறது. டர்போவின் பூஸ்டை, அதாவது எஞ்சினுக்குள் அது காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, 15 பிஎஸ்ஐயிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) 20க்கு உயர்த்தப் போகிறேன். எரிபொருள் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் ஒன்றைக் காருக்குள்ளேயே வைத்தாக வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலந்தன என்று புகையிலிருந்து சொல்லும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் எக்சாஸ்டில் ஏற்கெனவே இருக்கிறது. பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தால் அதுவே சொல்லிவிடும். அப்படியிருக்க இன்னொரு கேஜ் வெறும் அலங்காரம்தானே? வைத்தே ஆக வேண்டும் என்றாலும், ஃப்யூயல் ரெயிலிலிருந்து (பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பகிரும் குழாய்) ஒரு மெல்லிய செப்புக் குழாயை டாஷ்போர்டு வரை இழுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாதா?

9 ஏப்ரல் 2023, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. செப்புக் குழாயோ நைலான் குழாயோ எதுவாயினும், உள்ளே பெட்ரோல் இருக்குமானால் அது ஃபயர்வாலை, அதாவது எஞ்சினுக்கும் நாம் உட்காரும் பகுதிக்கும் நடுவேயுள்ள தடுப்பை, தாண்டி வரக் கூடாது. எஞ்சின் ஆயில் அழுத்தமானிக்கு அப்படிக் குழாய் இழுப்பவர்கள் உண்டு; அது கசிந்தால் காலில் சூடு படும், தரை விரிப்பு பாழாகும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை வெளிவிடுகிறது. காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு தீப்பொறி போதும். உங்கள் குழாயில் அது 60 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கும், அதன் முனை ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வயர்களுக்கு நடுவே இருக்கும். செப்பு அதிர்வில் இறுகி இறுகி, பொருத்திய இடத்துக்கு அருகில் மயிரிழை போல் விரிசல் விடும் உலோகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும். பந்தயத் திடலில் ஆய்வு செய்பவர்கள் இதைக் கண்டால் காரைத் திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் செய்வது சரி.

முதல் கேள்விக்கு நாளை.

10 ஏப்ரல் 2023

அலங்காரமா என்ற கேள்விக்கு விடை, அந்த முள்ளை எதனோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தக் காரின் எரிபொருள் சுற்று இப்படி அமைந்திருக்கிறது: டாங்கிக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலை முன்னால் தள்ளுகிறது, அது ரெயில் வழியாக 6 இன்ஜெக்டர்களுக்கும் போகிறது, ரெயிலின் கடைசியில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் நிற்கிறது, தேவைக்கு மிஞ்சியது டாங்கிக்கே திரும்பி விடுகிறது. ரெகுலேட்டருக்குள் ஒரு சவ்வு, அதன் ஒரு பக்கம் ஸ்பிரிங். அதே பக்கத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டு போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் ஒரு ரப்பர் குழாய். ஆகையால் மேனிஃபோல்டில் வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) இருந்தால் ரெயில் அழுத்தம் குறையும், பூஸ்ட் ஏறினால் அதே அளவு ஏறும். அந்த ரப்பர் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு எஞ்சினை நிற்கும் வேகத்தில் (வண்டி நகராமல், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு அடிப்படை அழுத்தத்தை 43 பிஎஸ்ஐயாக வைப்பது இந்தக் கார்க்காரர்களிடையே பழகிப்போன வழக்கம். அது ஏறக்குறைய 3 பார். குழாயை மாட்டியதும் 34, 35 என்று இறங்கும். பூஸ்ட் 20 எனில் ரெயிலில் 63 இருந்தாக வேண்டும்.

ஏன் இருந்தாக வேண்டும் என்றால், இன்ஜெக்டரின் முனை மேனிஃபோல்டுக்குள் இருக்கிறது. பின்னாலிருந்து 63 தள்ளுகிறது, முன்னாலிருந்து 20 எதிர்க்கிறது, மிச்சம் 43. இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோல் விடும் என்பதை இந்த மிச்சம்தான் தீர்மானிக்கிறது, கேஜில் தெரியும் எண் தனியே தீர்மானிப்பதில்லை. முள் 55இல் நிற்கிறது என்று ஒருவர் எழுதினால் அதிலிருந்து எனக்கு எதுவும் புரிவதில்லை. பூஸ்ட் 12இல் 55 என்றால் நல்ல செய்தி, பூஸ்ட் 20இல் 55 என்றால் பிஸ்டனுக்கு ஆபத்து.

வைட்பேண்டைப் பொறுத்தவரை, அது எரிந்து முடிந்த பிறகு வரும் சேதி. 6 சிலிண்டர்களின் புகையும் கலந்த பின் ஒரே எண்ணாகச் சொல்கிறது. மெலிந்தது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. அடுத்ததைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். இன்றைய மாற்று ஈசியூக்கள் (எஞ்சினை ஆளும் கணினிகள்) பல, வைட்பேண்டைப் பார்த்து இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைத் தாமே நீட்டிக்கொள்கின்றன. பம்ப் தளர்ந்து அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தாலும் கலவையின் எண் அழகாகவே இருக்கும். இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்தே இருக்கும் நிலைக்கு வந்த பிறகு நீட்டிக்க நேரமே மிச்சமிருக்காது; அந்த நொடியில்தான் வைட்பேண்ட் வாய் திறக்கும். அழுத்தமானி பல வாரங்களுக்கு முன்பே சொல்லியிருக்கும்.

12 ஏப்ரல் 2023

ஒருவர் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்: 63 இருக்க வேண்டிய இடத்தில் 53 இருந்தால் 10 குறைவு, ஆக 16 சதவீதம் பெட்ரோல் குறையும் என்கிறார். இரண்டு இடங்களில் திருத்த வேண்டும். முதலாவது, ஒப்பிட வேண்டியவை 63உம் 53உம் அல்ல. பூஸ்டைக் கழித்த 43உம் 33உம். இரண்டாவது, துளை வழியாகப் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 33ஐ 43ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.876. ஆகவே 12 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். 93 ஆக்டேன் பெட்ரோலில் 20 பிஎஸ்ஐ பூஸ்டில் ஓடும் எஞ்சினுக்கு அந்த 12 சதவீதமே நாக்கிங்கை, அதாவது கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சினைத் தட்டுவதை, வரவழைக்கப் போதுமானது. முள் 5 பிஎஸ்ஐ மட்டும் தவறினால் குறைவு சுமார் 6 சதவீதம். இதை எழுதுவது பயமுறுத்த இல்லை. கேஜ் 1 பிஎஸ்ஐ முன்னே பின்னே காட்டினால் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதும் இதே கணக்கிலிருந்துதான் கிடைக்கிறது.

15 ஏப்ரல் 2023

மெக்கானிக்கல் கேஜே வேண்டும், மின்சாரத்தை நம்ப மாட்டேன் என்கிறவர்களுக்காக.

உள்ளே இருப்பது 1849இல் யூஜின் பூர்டோன் காப்புரிமை பெற்ற அதே வளைந்த பித்தளைக் குழாய். திருவிழாவில் சிறுவர்கள் ஊதும் காகிதச் சுருள் பீப்பியைப் போல, உள்ளே அழுத்தம் ஏறினால் அது நிமிர்ந்துகொள்ளப் பார்க்கும். அந்த அசைவைப் பற்சக்கரம் முள்ளுக்குக் கொண்டு போகிறது. மின்சாரமும் தேவையில்லை, பாட்டரி இறங்கினாலும் பொய் சொல்லாது. பெட்ரோலை அதனிடம் கொண்டு போவதுதான் சிக்கல். அதற்காக வந்ததே ஐசொலேட்டர்: எஞ்சின் பகுதியில் பொருத்தும் ஒரு சிறு உலோக டப்பா, நடுவே ரப்பர் சவ்வு. சவ்வின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் கூலன்ட் கலவை. கேஜ் வரை உள்ளே போவது கூலன்ட்தான். குழாய் உடைந்தால் டாஷ்போர்டு இனிப்பு வாசனை வீசும், தீப்பிடிக்காது.

இதன் நல்லது கெட்டது எல்லாம் நிரப்புவதில் இருக்கிறது. கேஜ் முனையை மேலே வைத்து, குழாயின் அடியிலிருந்து மெதுவாகக் கலவையை ஏற்றி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். குமிழி இருந்தால் அழுத்தம் வந்ததும் அது சுருங்கும், அந்த இடத்தை நிரப்பச் சவ்வு நகரும், நகர்ந்து நகர்ந்து எல்லையை முட்டிவிட்டால் அதற்கு மேல் அழுத்தம் கேஜுக்குப் போகாது. நிற்கும் வேகத்தில் சரியாகவும் பூஸ்டில் குறைவாகவும் காட்டும் கேஜ்களில் பல இப்படிப்பட்டவை. பம்பை மாற்றிய பிறகும் அதே எண் வந்தால் முதலில் ஐசொலேட்டரைச் சந்தேகிக்கவும். மறுபுறம், விளிம்பு வரை அடைத்து நிரப்பினால் எஞ்சின் சூட்டில் கலவை விரிந்து, வண்டி நிற்கும்போதே முள் பூஜ்ஜியத்துக்கு மேல் நிற்கும்.

நான் இருப்பது மிச்சிகனில். இங்கே குளிர்காலத்தில் வெறும் தண்ணீரை நிரப்பினால் அது உறைந்து குழாயைப் பிளந்துவிடும். பாதிக்குப் பாதி கூலன்ட் கட்டாயம்.

16 ஏப்ரல் 2023

கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டும் பழைய முறையை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். கிராண்ட் நேஷனல் உலகில் இது மரபு என்றே சொல்லலாம்: ரெயிலில் டயர் வால்வு மாதிரியே ஒரு சோதனை வால்வு இருக்கிறது, அதில் பின்னல் உறையிட்ட ஒரு குழாயை மாட்டி, பானட்டின் பின்விளிம்பு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. பெட்ரோல் உள்ளே வருவதில்லை, கண்ணுக்கு நேரே தெரியும், செலவும் கிடையாது. சோதனைக்கு நல்ல முறைதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதையே நிரந்தரமாக்குவதுதான் கூடாது: வைப்பர் அடிக்கும், பானட் விளிம்பு குழாயை அறுக்கும், ஒரு சிறிய மோதலில் பெட்ரோல் கண்ணாடி மீது பீய்ச்சும்.

இதற்காகப் பலர் வாங்குவது கிளிசரின் நிரப்பிய கேஜ். அதில் ஒரு சங்கதி உண்டு. கேஜின் கூடு மூடியிருக்கும்போது சூட்டில் திரவம் விரிந்து கூட்டுக்குள் அழுத்தத்தை ஏற்றும். பூர்டோன் குழாயை வெளியிலிருந்து அது அமுக்குவதால் முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். காலையில் 43 காட்டிய கேஜ், ஒரு மணி நேரம் ஓடியபின் 38 காட்டியதும் ரெகுலேட்டரைத் திருகி 43 ஆக்கியவர்களை அறிவேன். அவர்களுடைய ரெயிலில் அப்போது 48 இருந்தது. சில கேஜ்களின் தலையில் ரப்பர் அடைப்பான் இருக்கும். அதை ஒரு கணம் நெம்பிக் காற்றை விட்டால் முள் தன் இடத்துக்கு வந்துவிடும். அடிப்படை அழுத்தத்தை வைக்கும் நாளில் இதைச் செய்யாமல் எந்த எண்ணையும் எழுதி வைக்க வேண்டாம்.

23 ஏப்ரல் 2023

இனி மின்சார வகை. என் காரில் இப்போது இருப்பது இதுதான், பிறருக்கும் இதையே சொல்வேன். பெட்ரோல் எஞ்சின் பகுதியிலேயே சென்டரோடு, அதாவது அழுத்தத்தை மின் சமிக்ஞையாக்கி அனுப்பும் உணரியோடு, நின்றுவிடுகிறது. ஃபயர்வாலைத் தாண்டுவது வயர் மட்டும்.

சென்டர்களில் இரண்டு குலம். பழையது ஒற்றை வயர் வகை: அழுத்தத்துக்கு ஏற்பத் தடை மாறும், எர்த் அதன் உடல் வழியாகவே. அதைப் பித்தளை அடாப்டரில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டினால் எர்த் பாதி அறுந்து, முள் தன்னிஷ்டத்துக்கு ஆடும். புதியது மூன்று வயர் வகை: 5 வோல்ட் ஊட்டம், எர்த், சமிக்ஞை. 100 பிஎஸ்ஐ சென்டரில் பூஜ்ஜியத்துக்கு 0.5 வோல்ட், 100க்கு 4.5 வோல்ட் வரும். ஆகவே சமிக்ஞையிலிருந்து 0.5ஐக் கழித்து 25ஆல் பெருக்கினால் பிஎஸ்ஐ கிடைத்துவிடும். 43க்கு 2.22 வோல்ட், 63க்கு 3.02 வோல்ட். மல்டிமீட்டர் கையிலிருந்தால் கேஜ் பொய் சொல்கிறதா சென்டர் பொய் சொல்கிறதா என்பதை இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் மூன்று வயர் வகையின் பக்கம்.

கேஜ் முகத்தைப் பொறுத்தவரை, ஏறக்குறைய முக்கால் வட்டம் முள் சுற்றும் வகையை வாங்கவும். கால் வட்டம் மட்டும் அசையும் மலிவு வகையில் 57க்கும் 63க்கும் இடையே ஒரு நகக்கண் அகலம்கூட இருக்காது. நாம் தேடுவதோ அந்த இடைவெளியைத்தான்.

24 ஏப்ரல் 2023

நேற்றைய வோல்ட் கணக்கோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தச் சென்டர்களில் பெரும்பாலானவை ஊட்ட வோல்டேஜின் விகிதத்தில் சமிக்ஞை தருபவை. ஊட்டம் 5க்குப் பதில் 4.9 ஆனால் 63இல் வர வேண்டிய 3.02 வோல்ட் 2.96 ஆகும், 5 வோல்ட் என்றே நம்பும் கேஜ் 61.5 என்று காட்டும். எனவே மல்டிமீட்டரில் சமிக்ஞையை மட்டும் அளக்காமல் ஊட்டத்தையும் அளக்கவும்.

7 மே 2023

பொருத்தும் வேலையைப் பற்றித் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவும். ரெயிலில் எஞ்சின் நின்ற பின்னும் அழுத்தம் தங்கியிருக்கும். சோதனை வால்வின் மேல் துணியைச் சுற்றி, அதன் நடு ஊசியை மெல்ல அழுத்தி விடுவிக்கவும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. ஆனாலும் டர்போ அங்கேயே பக்கத்தில் இருப்பதால் சொல்கிறேன்.

சென்டரை நேராக ரெயில் மேலேயே திருகிவிடுவது எல்லோரும் செய்வது. சென்டர் கனமானது, அடாப்டர் ஒல்லியானது, இந்த வி6 அதிர்வுக்குப் பெயர்போனது. அடாப்டர் கழுத்தில் உலோகம் களைத்து ஒடிந்தால் முழு அழுத்தத்தில் பெட்ரோல் டர்போ மேல் பாயும். ஆகவே வால்வு முனையிலிருந்து நான்காம் எண் அளவுள்ள பின்னல் குழாயைப் போட்டு, சென்டரை ஃபயர்வாலிலோ உள் மட்கார்டிலோ கவ்விப் பிடித்து நிறுத்தவும். குழாயின் உட்பூச்சு டெஃப்லானாக இருப்பது நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோலில் சாதாரண ரப்பர் குழாய் காலப்போக்கில் ஊறிக் கெடும். கூம்புத் திரெட்டில் டேப் வேண்டாம், பெட்ரோல் தாங்கும் பேஸ்ட் போதும், அதையும் முதல் இரண்டு புரிகளை விட்டுவிட்டுத் தடவவும். டேப்பின் ஒரு நூல் பிய்ந்து ரெயிலுக்குள் போனால் அது தேடிப்போகும் இடம் இன்ஜெக்டர்.

குழாயின் ரெயில் முனையில் ஊசித்துளை அளவுள்ள ஒரு ரெஸ்ட்ரிக்டரை (பாய்ச்சலைக் குறுக்கும் துண்டு) போடச் சொல்வேன். இன்ஜெக்டர்கள் திறந்து மூடும் துடிப்பால் முள் நடுங்குவதை அது தணிக்கும் என்பது சொல்லப்படும் காரணம். எனக்கு அதைவிட முக்கியமானது, குழாய் அறுந்தாலும் பெட்ரோல் பீறிடாமல் சொட்டுச் சொட்டாக வரும் என்பது.

வயரை ஃபயர்வாலில் ரப்பர் வளையமில்லாத துளை வழியாகக் கொண்டு போகக் கூடாது. கேஜின் ஊட்டத்தைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் சுற்றிலிருந்து சிறு ஃப்யூஸ் வழியாக எடுக்கவும். பம்பின் சுற்றிலிருந்து எடுக்க வேண்டாம், ஏனெனில் அங்கே வோல்டேஜ் குறைவதுதான் பின்னால் நாம் கண்டுபிடிக்க வேண்டிய நோயாக இருக்கலாம். கேஜ் விளக்கை டாஷ்போர்டு விளக்கோடு இணைக்கவும், இல்லாவிட்டால் இரவில் கண்ணைக் குத்தும். இடம் என்று பார்த்தால் முன்கண்ணாடியின் ஓட்டுநர் பக்கத் தூணில், பூஸ்ட் கேஜுக்கு ஒட்டியபடி. இரண்டும் ஒரே பார்வையில் விழ வேண்டும்.

முடிந்ததும் சாவியை மட்டும் போடவும். ஈசியூ பம்பை 2 நொடி ஓடவிட்டு நிறுத்தும். இதைச் சில முறை செய்து ஒவ்வோர் இணைப்பையும் விளக்கடித்துப் பார்த்து, விரலால் தடவி, முகர்ந்த பிறகே எஞ்சினை எழுப்பவும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பொருத்தி முடித்த அன்று என் மனைவி இது என்ன காட்டும் என்று கேட்டார். எரிபொருள் அழுத்தம் என்றேன். டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் அந்தப் பழைய கேஜை முதலில் சரி செய்யலாமே என்றார். அதற்குப் பதில் இன்றும் என்னிடம் இல்லை.

20 மே 2023

இத்தனையும் எழுதிய பிறகு எனக்கே ஒரு மறுசிந்தனை. முழுப் பூஸ்டில் ஓட்டும்போது அந்த கேஜை யார் பார்க்கிறார்கள்? மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு நொடி கண்ணை எடுத்தால் கார் 27 மீட்டர் போயிருக்கும். இரண்டு முட்களைப் பார்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க ஒரு நொடி போதாது. மிச்சிகனிலுள்ள மிலன் பந்தயத் திடலில் கால் மைல் ஓட்டத்தின் முடிவில் நான் ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது "முள் மேலேதான் இருந்தது" என்பதே. எந்த எண்ணில் என்று கேட்டால் சொல்ல முடிந்ததில்லை.

ஆகவே, கண்ணெதிரே கேஜ் வைக்கச் சொன்னதன் பொருளைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்கிறேன். கேஜின் முதற்பயன் சீராக ஓட்டும்போதும் நிற்கும் வேகத்திலும்: வேக்கம் மாறும்போது முள் உடன் அசைகிறதா, சாவியை அணைத்ததும் சட்டென்று விழுகிறதா மெல்ல இறங்குகிறதா, நிற்கும் வேகத்தில் வழக்கத்தைவிட மேலே நிற்கிறதா. முழு வேகத்துக்கு வேண்டியது பதிவு. உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைக்கும் கேஜ், அல்லது அதே சென்டரின் சமிக்ஞையைப் பூஸ்டோடு சேர்த்துப் பதியும் கருவி. ஓடி முடித்து, வண்டியை ஓரம் நிறுத்தி, இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் ஒரு சிவப்பு விளக்காவது.

இன்னொரு வழியும் உண்டு, அதைப் பலரும் செய்யாதது எனக்கு வியப்பு. ஒரு வாய் ரெயிலோடும் மறுவாய் மேனிஃபோல்டோடும் இணைந்த வேறுபாட்டு அழுத்த சென்டர் வைத்தால், கழித்தலை அதுவே செய்துவிடும். முள் எப்போதும் 43இல் நிற்க வேண்டும், அசைந்தால் கோளாறு. அசையாத முள்ளுக்காகக் காசு செலவழிக்க நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை என்று நினைக்கிறேன்.

22 மே 2023

சாவியை அணைத்ததும் முள் விழுவது எதைக் குறிக்கும் என்று கேட்டவருக்கு: பம்பின் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு, அல்லது ரெகுலேட்டர், அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். திரும்பும் குழாயை இறுக்கிப் பிடித்தால் முள் நின்றுவிட்டது எனில் ரெகுலேட்டர். ரெகுலேட்டரின் ரப்பர் குழாயைக் கழற்றி முகரவும். பெட்ரோல் வாசனை வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, வண்டியை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

நிற்கும் வேகத்தில் அழுத்தம் உயர்வாக இருந்தால், பம்ப் தள்ளும் அளவைத் திரும்பும் பாதை விழுங்கவில்லை என்று பொருள். பெரிய பம்பைப் போட்டுவிட்டுப் பழைய ரெகுலேட்டரை வைத்திருப்பவர்களுக்கு இது வரும். பூஸ்ட் ஏறும்போது முள் 43இலேயே பிடிவாதமாக நின்றால் பம்பைத் தொட வேண்டாம். ரெகுலேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் பூஸ்டில் கழன்று போயிருக்கும். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டவும்.

2 ஜூலை 2023

கொஞ்சம் விலகிப் போகிறேன். 1987இல் இந்தக் காரின் 3.8 லிட்டர் வி6 எஞ்சினுக்கு அறிவித்த திறன் 245 குதிரைத்திறன். அதே ஆண்டு செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் வி8க்கு 240. அத்தனை விஷயம் உள்ள எஞ்சினைக் கொடுத்துவிட்டு டாஷ்போர்டில் பூஸ்டுக்கு ஒளிரும் கட்டங்களை வைத்தார்கள். 547 மட்டுமே செய்யப்பட்ட ஜிஎன்எக்ஸ் என்ற சிறப்பு கிராண்ட் நேஷனலில்தான் ஸ்டூவர்ட் வார்னர் நிறுவனத்தின் முள் கேஜ்கள் வந்தன, அவற்றில் பூஸ்டும் இருந்தது. எரிபொருள் அழுத்தத்துக்கு அங்கும் இடம் கிடைக்கவில்லை. தொழிற்சாலை அமைப்பில் ஓடிய புதிய காருக்கு அது தேவைப்படவும் இல்லை. டிசம்பர் 11, 1987 அன்று கடைசி கிராண்ட் நேஷனல் இதே மிச்சிகனின் பாண்டியாக் ஆலையை விட்டு வெளியேறியது. இன்று சாலையில் இருக்கும் ஒவ்வொன்றின் வயரும் கனெக்டரும் குறைந்தது 35 வயதைத் தாண்டியவை, பூஸ்டோ தொழிற்சாலை வைத்ததைவிட அதிகம். கேஜுக்கான காரணம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

17 செப்டம்பர் 2023

முதல் கேள்வியை அனுப்பியவரே திரும்ப எழுதியிருக்கிறார். மூன்று வயர் சென்டரைப் பொருத்தி, பூஸ்டோடு சேர்த்துப் பதிவு செய்து, கோடுகளை அனுப்பியிருக்கிறார். பூஸ்ட் 14 வரை அழுத்தம் ஒட்டியே ஏறி 57ஐத் தொடுகிறது. பூஸ்ட் 20க்குப் போகிறது, அழுத்தம் 57இலேயே நின்று, ஓட்டத்தின் முடிவில் 55க்கு இறங்குகிறது. வைட்பேண்ட் எண் இறுதி வரை நன்றாகவே இருக்கிறது என்று வியந்து எழுதியிருக்கிறார். அவருடைய ஈசியூ திறப்பு நேரத்தை நீட்டிக்கொண்டே போயிருக்கிறது. அந்தக் கோட்டையும் அனுப்பினால் தெரிந்துவிடும். அதுவரை பூஸ்டை 14க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

ரெகுலேட்டர் 14 வரை சரியாகப் பின்தொடர்ந்ததால் குற்றவாளி அது இல்லை. பம்புக்கு மூச்சு முட்டுகிறது. புதிய பம்ப் வாங்குமுன் பம்பின் இரு முனைகளுக்கும் இடையே, பூஸ்டில் ஓடும்போது, வோல்டேஜை அளக்கச் சொல்லியிருக்கிறேன். இரு முனைகளுக்கும் இடையே என்பதை அழுத்திச் சொல்கிறேன். பாசிட்டிவுக்கும் காரின் உடலுக்கும் இடையே அளந்தால் துருப்பிடித்த எர்த் விழுங்கும் வோல்டேஜ் கண்ணில் படாது, இங்கே சாலையில் கொட்டும் உப்புக்கு டாங்கிப் பக்கத்து எர்த்தான் முதல் இரை. அழுத்தம் ஏற ஏற பம்ப் இழுக்கும் மின்னோட்டமும் ஏறும்; 10 ஆம்பியர் ஓடும் சுற்றில் 0.2 ஓம் தடை ஒளிந்திருந்தால் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்.

1 அக்டோபர் 2023

அளந்தாராம்: 11.6 வோல்ட். ஆல்டர்னேட்டரில் 13.8. டாங்கிக்கு அருகே ரிலே வைத்து, ஆல்டர்னேட்டரிலிருந்து தடித்த வயரை ஃப்யூஸோடு இழுத்து, எர்த்தையும் சுரண்டிப் புதிதாகப் போட்டிருக்கிறார். இப்போது பம்பில் 13.3. அதே பம்ப், பூஸ்ட் 20இல் 61 காட்டுகிறது.

பம்பை மாற்ற வேண்டுமா என்று மறுபடியும் கேட்கிறார். எத்தனால் 85க்கு (பெரும்பங்கு எத்தனால் கலந்த எரிபொருள்) மாறும் எண்ணம் இருந்தால் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தள்ள வேண்டும், அதற்கு வேறு பம்ப் வேண்டியதுதான். வெறும் பெட்ரோலுக்கு என்றால் மிச்சமிருக்கும் அந்த 2 பிஎஸ்ஐ வடிகட்டியிலோ டாங்கிக்குள் இருக்கும் சல்லடையிலோ இருக்கக்கூடும். வடிகட்டி மலிவு, அதை முதலில் மாற்றவும். மாற்றியபின் எண்ணை அனுப்பும்போது பூஸ்டின் எண்ணையும், டாங்கியில் கால் பங்குக்கு மேல் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதவும். அதற்குக் கீழே இருந்தால், காரை வேகமாகக் கிளப்பும்போது பெட்ரோல் பின்னால் ஓடி பம்ப் காற்றை உறிஞ்சும், அதையும் நாம் வடிகட்டியின் கணக்கில் எழுதிவிடுவோம்.